வேலியோரம் நின்று விமானம் பார்ப்பது: ஆப் போதாதா?

ஜூன் 3

சின்ன வயதில் சிறிய விமானத் தளத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஆனால் இப்போது போனில் ஆப் இருக்கிறது. என்ன விமானம், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் எல்லாம் திரையிலேயே வந்துவிடுகிறது. வேலியோரம் நிற்பதில் இனித் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜூன் 3, இரவு

மறுக்க வந்தாயிற்று. இனி எழுதுவது வேலிக் கட்சிக்காரனான நான்.

முதலில் அந்த உயரம். ஆப் காட்டுவது தரையிலிருந்து உயரம் அல்ல. விமானம் அனுப்புவது அழுத்த உயரம், அதாவது காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. 1013.25 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) என்பதுதான் அதற்குப் பூஜ்யம். அன்றைக்குக் கடல்மட்ட அழுத்தம் 1003 என்று வையுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. கடலோரத் தளத்தில் வேலியை 50 அடியில் தாண்டும் விமானம் திரையில் 300 அடிக்கு மேல் காட்டும். திருத்தாமல் அப்படியே போடும் ஆப்களே அதிகம்.

வேகம்? அது தரைவேகம். இறக்கைக்குத் தெரிந்தது காற்றுவேகம் மட்டுமே, அதாவது சுற்றியுள்ள காற்றை விமானம் கடக்கும் வேகம். திசையும் அப்படித்தான்: திரையில் இருப்பது விமானம் போகும் தடம். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வேலியோரம் நிற்பவருக்குத்தான் தெரியும். எஞ்சின் இல்லாத கிளைடர், பழைய பயிற்சி விமானம் என்று திரையில் வராமலே பறப்பவையும் உண்டு.

ஜூன் 4

வேலியோரம் தெரிவதை ஓடுபாதை எண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். 09 என்றால் 90 டிகிரி. காந்தத் திசையை (காந்த ஊசியின் வடக்கிலிருந்து அளந்தது) அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி, கடைசிப் பூஜ்யத்தை வெட்டினால் வருவது. அதே பாதையின் மறுமுனை 27. இரண்டுக்கும் எப்போதும் 18 வித்தியாசம்.

காற்றை வரும் திசையால் சொல்வதுதான் விமான வழக்கம். பலருக்கு இது தலைகீழாகப் படும். தமிழில் வளர்ந்தவருக்குப் படக்கூடாது. வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். ஆக வாடை அடித்தால் 36, தென்றலுக்கு 18, கொண்டலுக்கு 09, கோடைக்கு 27. மனப்பாடம் முடிந்தது.

காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் எண்களும் மாறும். அமெரிக்காவின் டாம்பாவில் 2011இல் 18, 36 என்றிருந்ததை 19, 1 என்று மாற்றி எழுதினார்கள். தார் அப்படியே கிடக்கிறது, பெயிண்ட்தான் மாறியது.

ஜூன் 4, மதியம்

காற்றுப்பை, அதாவது கம்பத்தில் பறக்கும் துணிக்குழாய் பற்றி ஒரு வரியில் கேட்டிருக்கிறார்கள். ஒரு வரியில் முடியாது.

வாய் அகலமான பக்கம் கம்பத்தோடு, வால் குறுகல். வாய் பார்க்கும் திசையிலிருந்து காற்று வருகிறது, விமானமும் அந்தத் திசையைப் பார்த்தே இறங்கும். சர்வதேச அளவுப்படி நீளம் குறைந்தது 3.6 மீட்டர், வாயின் விட்டம் குறைந்தது 0.9 மீட்டர். ஒரே நிறத்தில் இருக்கலாம். இரு நிறம் என்றால் ஐந்து பட்டைகள்; முதலும் கடைசியும் அடர்நிறம். 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலும் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஆரஞ்சும் வெள்ளையும்.

ஒரு பட்டை நிமிர்ந்தால் 3 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), இரண்டு நிமிர்ந்தால் 6, ஐந்தும் நிமிர்ந்தால் 15.

ஜூன் 4, மாலை

மேலே எழுதியதைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன். பட்டைக்கு 3 நாட் என்ற கணக்கு 15 நாட்டில் முழுதாக நிமிரும்படி தைத்த பைக்கு மட்டும். ஐந்து பட்டை என்பது நிற விதி; வேக விதி அல்ல. 15 நாட்டுக்கு மேல் அடித்தாலும் பை அதே கோலத்தில்தான் நிற்கும், 15ஆ 30ஆ என்று அது சொல்லாது.

பை பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. மழையில் நனைந்த துணி கனத்துத் தொங்கும், காற்று குறைவு போலத் தெரியும். சுழலும் தாங்கியில் (பேரிங்) துரு ஏறினால் திரும்பாமல் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஹேங்கரின் (விமானக் கொட்டகை) காற்று மறைவில் கம்பம் நட்டிருந்தால் பை சுழல்காற்றைத்தான் காட்டும். பை முழுதாக நிமிர்வதும் தொய்வதுமாக மாறி மாறி ஆடினால், வேகத்தைவிட அந்த ஆட்டம்தான் விமானிக்கு முக்கியச் செய்தி.

ஜூன் 5

"இதெல்லாம் கண்ணுக்கு. காதுக்கு என்ன இருக்கிறது, எல்லாம் ஒரே இரைச்சல்தானே?"

இல்லை. ஓடுபாதை முனைக்குச் சற்று முன்னால் சிறிய விமானம் நின்று உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். அது சும்மா உறுமல் அல்ல, சோதனை. வரிசையாகக் கேளுங்கள்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1700 அல்லது 1800 சுற்றுக்கு ஏறி நிலைக்கும். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் பழைய மாடல்களில் 1700, 172எஸ் மாடலில் 1800. பிறகு ஒரு சின்னத் தணிவு, மீட்சி. மறுபடி ஒரு சின்னத் தணிவு, மீட்சி. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்கு நெருப்பு தர இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. விமானி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கிறார். ஒரு பிளக் மட்டும் எரிந்தால் தீ ஒரு பக்கத்திலிருந்தே பரவ வேண்டும், எரிதல் தாமதமாகும், சுற்று குறையும். 172எஸ்ஸில் 150 வரை குறையலாம், இரண்டு மேக்னெட்டோவுக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் கூடாது. பழையவற்றில் 125, அதே 50.

இதைக் காதாலேயே அளக்கலாம். 1800இலிருந்து சுத்த ரிஷபம் ஷட்ஜத்துக்கு இறங்குகிற அளவு, அதாவது 16க்கு 15, இறங்கினால் 112 சுற்று குறைந்திருக்கிறது. நல்ல ஆரோக்கியம். சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜம், 9க்கு 8, இறங்கினால் 200 சுற்று போய்விட்டது. அந்த விமானம் அன்றைக்கு அப்படியே ஏறாது. சற்று நேரம் அங்கேயே நின்று உறுமும், அல்லது ஹேங்கருக்குத் திரும்பும்.

நின்று உறுமுவது எதற்கு? பெரும்பாலும் பிளக்கில் ஈயக் கசடு. விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. தரையில் கொழுப்பான (பெட்ரோல் அதிகமான) கலவையில் வெகுநேரம் மெதுவாக ஓடினால் அது பிளக்கில் படியும். கலவையை மெலியவைத்து, சுற்றைக் கூட்டி, ஒரு நிமிடம் போல ஓட்டினால் சூட்டில் எரிந்து போய்விடும். மறுபடி சோதனை. சரியாகவில்லையென்றால் மெக்கானிக் முதலில் கழற்றுவது பெரும்பாலும் கீழ்வரிசைப் பிளக்கைத்தான், எண்ணெய் தேங்குவது அங்கேதான்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

"தணியவே இல்லையென்றால் ரொம்ப நல்ல எஞ்சின் என்று அர்த்தமா?"

அதுதான் இருப்பதிலேயே மோசமான செய்தி. வீட்டு ஸ்விட்சை அணைத்தால் கம்பி துண்டாகும். மேக்னெட்டோ ஸ்விட்ச் நேர்மாறு: அணைத்தால் கம்பி எஞ்சின் உடலோடு இணைந்து மின்சாரம் தரையிறங்கும். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவியை அணைத்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். சாவி விமானியின் பையில் இருக்கும்போது யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் பற்றி, அது ஒரு சுற்று சுற்றிவிடும். கை போகும். நிற்கும் ப்ரொப்பெல்லரையும் ஓடுவதாகவே நினை என்று விமானத் தளங்களில் சொல்வது இதனால்தான்.

ஜூன் 6

விட்டுப்போனது: மூன்றாவது தணிவு. கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி) உள்ள எஞ்சினில் வெந்நீராவி காட்டுவது போல வெங்காற்றைத் திறந்து பார்ப்பார்கள். சூடான காற்று லேசானது என்பதால் சுற்று கொஞ்சம் இறங்கும். இறங்கி, எஞ்சின் திக்கித் திணறி, பிறகு தானாக ஏறினால் உள்ளே பனி இருந்தது, உருகிவிட்டது என்று பொருள். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் விழலாம். ஆகவே பனி, குளிர்நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. புழுக்கமான 25 டிகிரி நாளில் எஞ்சினை அடக்கி இறங்கும்போது தாராளமாகக் கட்டும்.

மூன்றாவது தணிவே கேட்கவில்லையா? அது எரிபொருளை ஊசிவழி தெளிக்கும் எஞ்சினாக இருக்கலாம், 172எஸ் அப்படித்தான். இரண்டு மூன்று முறை ஆழமாக இறங்கி முனகி எழுந்தால், தகட்டின் சாய்வை மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லர். பார்க்காமலே மாடலைச் சொல்லிப் பக்கத்தில் நிற்பவரைக் கடுப்பேற்றலாம்.

("வெந்நீராவி காட்டுவது போல" என்பது ஜலதோஷம் பிடித்தவனின் உவமை. நீராவி எதுவும் கிடையாது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடேறிய வெறும் காற்று. வடிகட்டிக்குள் புகாமல் வருவது, ஆகவே புழுதித் தரையில் அதிக நேரம் திறந்து வைக்கக்கூடாது.)

ஜூன் 7

சுரம் பற்றி எழுதியதற்குக் கிண்டல் வந்திருக்கிறது, "அடுத்து ராகம் கண்டுபிடிப்பீர்களா" என்று. ராகம் வேண்டாம், வேகம் கண்டுபிடிக்கலாம்.

தலைக்கு மேலே கடந்து போகும் விமானத்தின் சத்தம் வரும்போது உயர்ந்தும் போகும்போது தாழ்ந்தும் கேட்கும். டாப்ளர் விளைவு. வரும் சுருதியை வாய்க்குள் முணுமுணுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். போகும் சுருதியை ஷட்ஜமாக வைத்து, முன்பு பிடித்தது எந்த சுரம் என்று பாருங்கள். விகிதத்தின் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஒலிவேகத்தில் அத்தனை பங்கு விமானத்தின் வேகம்.

சுத்த மத்யமம் 4க்கு 3. வித்தியாசம் 1, கூட்டுத்தொகை 7. ஒலிவேகத்தில் ஏழில் ஒரு பங்கு. 26 டிகிரி காற்றில் ஒலி நொடிக்கு 347 மீட்டர். ஏழால் வகுத்தால் 49.6 மீட்டர், அதாவது 96 நாட். அந்தர காந்தாரம் 5க்கு 4: ஒன்பதில் ஒரு பங்கு, 75 நாட். பஞ்சமம் 3க்கு 2: ஐந்தில் ஒரு பங்கு, 135 நாட். சதுஸ்ருதி ரிஷபமே வந்தால் பதினேழில் ஒரு பங்கு, 40 நாட். ஏதோ மிக லேசான விமானம்.

எஞ்சின் எந்தச் சுருதியில் பாடுகிறது என்பது தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதுவும் எளிது: 2400 சுற்று என்றால் நொடிக்கு 40, இரண்டு தகடு, ஆக 80 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் எஞ்சினும் சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பதால் அதே 80. மூன்று தகடு என்றால் தகட்டுச் சத்தம் 120க்குப் போகும், எஞ்சின் 80இலேயே நிற்கும். அந்த விமானங்கள் தடிப்பாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 7, இரவு

எச்சரிக்கை: ஏறும் விமானத்தில் இதைச் செய்யாதீர்கள், வேகமும் சுற்றும் மாறிக்கொண்டே இருக்கும். மட்டமாக, நேராக, ஒரே சீராகக் கடப்பது வேண்டும். தலைக்கு மேலே 300 மீட்டரில் போகிறது என்றால் வரும் சுருதியைச் சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்பே பிடிக்க வேண்டும், போகும் சுருதியையும் அதே தூரத்தில். கிட்டத்தில் சுருதி வழுக்கிக்கொண்டிருக்கும். அங்கே பிடித்தால் மத்யமம் காந்தாரமாகிவிடும், வேகம் குறைவாக வரும்.

ஜூன் 9

இறக்கைக்கு அடியில் குனிந்து சின்னக் கண்ணாடிக் குவளையில் எதையோ பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர் என்ன செய்கிறார் என்று ஒருவர். எரிபொருளில் தண்ணீர் தேடுகிறார். பாதி நிறைந்த டாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் கட்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழையும் இறங்கும். தண்ணீர் கனம், அடியில் தேங்கும், குவளையில் குமிழாக உருளும். 172எஸ்ஸில் மட்டும் இப்படி 13 வடிகால்கள்: இறக்கைக்கு ஐந்து வீதம் பத்து, எஞ்சினுக்குக் கீழே மூன்று.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குவளை முழுக்கவே தண்ணீர் வந்துவிட்டால் குமிழும் இல்லை, கோடும் இல்லை, பளிங்கு மாதிரி சுத்தமாகத் தெரியும். அதனால்தான் நிறம் பார்ப்பது. வழக்கமான 100எல்எல் பெட்ரோல் வெளிர்நீலம். ஜெட் எரிபொருள் தவறிக் கலந்திருந்தாலும் நீலம் வெளுக்கும். சந்தேகமென்றால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு: பெட்ரோல் தடமின்றி ஆவியாகும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையம் விடும்.

அதே விமானி இடது இறக்கையின் முன்விளிம்பில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சுவதைப் பார்த்தால் முத்தம் என்று நினைக்காதீர்கள். செஸ்னாவின் ஸ்டால் எச்சரிக்கை ஒரு நாதசுர சீவாளியின் தூரத்து உறவு. இறக்கை தூக்குதிறன் இழக்கும் தறுவாயில் அந்தத் துளை வழியே காற்று வெளியே உறிஞ்சப்படும், உள்ளே இருக்கும் நாக்கு பீப் என்று ஊதும். மின்சாரமே இல்லை. துளைக்குள் பூச்சி குடியிருந்தால் ஊதாது. கைக்குட்டை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜூன் 10

"நேற்று ஒன்று கோணலாக வந்து ஒற்றைக் காலில் இறங்கியது. கற்றுக்குட்டி போல."

கற்றுக்குட்டி அப்படி இறக்க மாட்டார். அது பக்கக்காற்று இறக்கம். காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பி, நண்டு போல வருவார்கள். தரைக்கு அருகில் வாலைத் திருப்பி மூக்கைப் பாதையோடு நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்துவார்கள். தாழ்ந்த பக்கச் சக்கரம் முதலில் தொடும், பிறகு மற்றது, பிறகு மூக்கு. இரண்டும் ஒன்றாகத் தொட்டு டயர் கீச்சிட்டுப் பக்கவாட்டில் இழுபட்டால்தான் தப்பு.

பக்கக்காற்றை அளக்க மணிக்கூடு போதும். காற்றுக்கும் பாதைக்கும் இடையே 15 டிகிரி என்றால் கால் மணி, கால் பங்கு காற்று பக்கத்தில். 30 என்றால் அரை. 45 முக்கால். 60க்கு மேல் முழுதும்.

ஜூன் 10, மாலை

வெயில் நாளில் அதே விமானம் தரையை விட்டு எழாமல் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: கடல்மட்டத்தில் தரநிலை வெப்பம் 15 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரம் கூடியதாக விமானம் உணரும். 40 டிகிரியில் 3,000 அடி மலைமேல் நிற்பதாக அதற்கு நினைப்பு. இறக்கை, எஞ்சின், ப்ரொப்பெல்லர் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் காற்று மெலிகிறது.

ஜூன் 12

பெரிய ஜெட் கடந்து போன பிறகு, எல்லாம் அடங்கிய நேரத்தில், தலைக்கு மேலே துணி கிழிவது போல ஒரு சத்தம் வரும். வேறொரு விமானமும் இருக்காது. அது இறக்கை நுனிச் சுழல். தூக்கும் இறக்கை இருக்கும் வரை சுழலும் இருக்கும்: மூக்கு எழும்போது பிறக்கும், சக்கரம் தொட்டதும் நிற்கும். நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழிறங்கும். பின்னால் வரும் சின்ன விமானம், ஜெட்டின் வழிக்கு மேலாகவே வந்து, அது தொட்ட இடத்தைத் தாண்டி இறங்குவதன் காரணம் இதுதான். பாதையின் தொடக்கத்தில் நிறைய இடம் கிடக்க நடுவில் போய் இறங்குகிறதே என்று சிரிக்க வேண்டாம். பலத்த காற்று சுழலை அடித்துக்கொண்டு போய்விடும். 3, 4 நாட் பக்கக்காற்றுதான் வம்பு, ஒரு சுழலைப் பாதைமேலேயே நிறுத்திவைக்கும்.

ஜூன் 13

திருத்தம், ஜூன் 4க்கு. ஓடுபாதை எண் காந்தத் திசை, கட்டுப்பாட்டுக் கோபுரம் வாயால் சொல்லும் காற்றும் காந்தத் திசை. ஆனால் எழுத்தில் வரும் வானிலை அறிக்கையில் காற்று உண்மை வடக்கிலிருந்து (வரைபடத்தின் வடக்கு) அளந்தது. இரண்டு வடக்குக்கும் வித்தியாசம் அதிகமுள்ள ஊரில் மணிக்கூடு கணக்குப் போடும்போது கவனிக்கவும்.

ஜூன் 14

ஆப் கட்சிக்காரர் கேட்கிறார்: "சரி, தோற்றேன் என்று வையுங்கள். ஆப்பை அழித்துவிடவா?"

வேண்டாம், ஒரு வேலை இருக்கிறது. டாப்ளரில் கிடைப்பதும் தரைவேகம்தான். காற்று ஒலியையும் அடித்துக்கொண்டு போகாதா என்றால், போகும், ஆனால் 10 நாட் காற்றில் விகிதம் மாறுவது உங்கள் காதுக்கு எட்டாத அளவு. ஆக முதலில் சுரம் பிடித்து வேகத்தைச் சொல்லுங்கள், பிறகு ஆப்பைப் பார்த்துச் சரிபாருங்கள்.

சரியாக வரத் தொடங்கியதும், ஓடுபாதைக்கு இணையாகப் போகவும் வரவும் ஒரே காற்றுவேகத்தில் மட்டமாகப் பறக்கும் விமானம் கிடைக்கும்வரை காத்திருங்கள். ஒரு பக்கம் போகும்போது மத்யமம், 96 நாட். திரும்பி வரும்போது காந்தாரம், 75. வித்தியாசம் 21, அதில் பாதி பத்தரை. பாதை நெடுக அவ்வளவு காற்று அடிக்கிறது, காந்தாரம் கேட்ட திசையில் அது எதிர்காற்று. அடுத்து காற்றுப்பையைப் பாருங்கள். அது 15 நாட் பையாக இருந்து, தாங்கியில் துரு இல்லாமல், மழையும் பெய்யாமல் இருந்தால் மூன்றரைப் பட்டை நிமிர்ந்திருக்க வேண்டும். மேலே காற்று தரையைவிடக் கூடுதல் என்பதால் மூன்று நின்றாலே கணக்கு சரி.